படியும் சரிவும்: ஆய்க்குடிப் பயணம்

ஜூன் பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டால், தென்காசி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களை அடையாளம் காண்பது எளிது. தோளில் துண்டு, பையில் எண்ணெய்ப் பாட்டில், வாயில் ஒரே கேள்வி: “தண்ணி விழுதா?” ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், பூக்காரம்மா எல்லாருக்கும் அன்றைய நிலவரம் தெரிந்திருக்கும். “ஐந்தருவில நல்லா விழுது, மெயின் அருவில ரொம்ப விழுது, போலீஸ் விட மாட்டாங்க” என்று வானிலை அறிக்கைபோல ஒப்பிப்பார்கள். கூட்டம் தென்மேற்கே குற்றாலம் பார்த்துத் திரும்பும். நான் வடக்கே போகும் பேருந்தைத் தேடினேன்.

“இது குத்தாலம் போகாதுல்லா” என்றார் பக்கத்து இருக்கைக்காரர், என் பையைப் பார்த்துவிட்டு. ஆய்க்குடிக்குத்தான் என்றதும் முகம் மாறியது. “கோயிலுக்கா, சங்கத்துக்கா?” என்று கேட்டார். வெளியூர்க்காரர் அந்த ஊருக்கு வர இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும் என்பது அவர் கணக்கு. இரண்டுக்கும்தான் என்றேன். “அப்ப முதல்ல முருகனைப் பாத்துருங்க. சங்கத்துக்குள்ள போனா நேரம் போறது தெரியாது.”

தென்காசியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். இருபுறமும் வயலும் தென்னையும், மேற்கே மேகம் போர்த்திய மலைத்தொடரும். சாரல் என்று ஒரு மழை இந்தச் சீமைக்கே உரியது. நனைக்காது, ஆனால் உலரவும் விடாது. சற்றுத் தள்ளி சுந்தரபாண்டியபுரம். ஆடி மாதத்தை ஒட்டி அங்கே சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ‘ரோஜா’ படத்தின் கிராமக் காட்சிகள் எடுக்கப்பட்ட ஊர் அது. அந்தக் கூட்டமும் ஆய்க்குடிக்குத் திரும்புவதில்லை.

ஆனால் தமிழ் இலக்கியத்தில் இந்தப் பெயருக்கு இருக்கும் இடம் வேறு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஆய் ஆண்டிரன் பொதிகை மலை நாட்டை ஆண்டவன். அவனைப் புறநானூற்றில் விடாமல் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். வடக்கே இமயம் இருக்கிறது, தெற்கே ஆய்க்குடி இருக்கிறது, இது மட்டும் இல்லாவிட்டால் உலகம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் என்பது 132ஆம் பாட்டின் கருத்து. ஒரு குறுநில மன்னனின் ஊரை இமயத்துக்கு எதிரெடையாகத் தராசில் வைக்கும் துணிச்சல் அந்தப் புலவருக்கு இருந்தது. அந்த ஆய்க்குடி எங்கள் ஊர்தான் என்று இங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்கிறார்கள்.

மோசியாரின் இன்னொரு பாட்டு, 134ஆவது, இன்னும் கூர்மையானது. இப்பிறவியில் கொடுத்தால் மறுபிறவியில் திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறத்தை விற்கும் வணிகன் அல்ல ஆய் என்கிறார். சான்றோர் போன வழி அது, அதனால் அவனும் போனான், அவ்வளவுதான். பரிசில் வாங்கிப் பிழைக்கும் புலவர் ஒருவர், கொடுப்பவனின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று இவ்வளவு நுட்பமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார். பெயருக்கு முன்னால் நிற்கும் ‘முட’ என்ற சொல்லை வைத்து அவர் உடற்குறை உள்ளவராக இருந்தார் என்று கொள்வது வழக்கம். பெறுகிற இடத்தில் நிற்பவருக்குத்தான் கொடுக்கிற கையின் எடை தெரியும்.

ஊருக்குள் இறங்கி நடந்தால் அனுமன் நதி. மேற்கே மேக்கரைப் பக்கம் அடவிநயினார் அணையில் தேங்கி, அங்கிருந்து இறங்கி வரும் ஆறு. சீதையைத் தேடிப் போன அனுமன் தாகத்துக்காகப் பாறையை உதைத்து வரவழைத்த நீர் என்று கதை சொல்வார்கள். ஆற்றங்கரையில் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில். திருச்செந்தூர், பழனிபோல ஆரவாரம் இல்லாத, வீட்டுப்பிள்ளை போன்ற முருகன்.

இங்கே ஒரு நேர்த்திக்கடன் உண்டு. வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. படிப்பாயசம். பிள்ளை வேண்டியோ, பிள்ளைக்கு நோய் தீர வேண்டியோ நேர்ந்துகொண்டவர்கள், வேண்டுதல் பலித்ததும் பாயசம் காய்ச்சி முருகனுக்குப் படைக்கிறார்கள். பிறகு ஆற்றங்கரைக் கற்படிகளை நன்றாகத் தேய்த்துக் கழுவி, பாயசத்தை அந்தப் படியிலேயே ஊற்றுகிறார்கள். இலை இல்லை, கிண்ணம் இல்லை. ஊர்ச் சிறுவர்கள் ஓடி வந்து குனிந்து படியிலிருந்தே வழித்துக் குடிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளோடு பிள்ளையாக முருகனும் வந்து குடித்துவிட்டுப் போவான் என்பது நம்பிக்கை.

சுத்தம், சுகாதாரம் என்று நகரத்து மனசு முதலில் முகம் சுளிக்கும். கொஞ்சம் நின்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அன்னதான வரிசையில் கொடுப்பவர் நிற்பார், வாங்குபவர் கை நீட்டுவார். கரண்டி பிடித்திருப்பவர் முகத்தை வாங்குபவர் நிமிர்ந்து பார்த்தாக வேண்டும். படிப்பாயசத்தில் அந்த ஏற்பாடே கிடையாது. ஊற்றியவர் யார் என்று குடிக்கும் பையனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. குடிப்பவர்களில் யார் முருகன் என்று ஊற்றியவருக்குத் தெரியாது. ஆகவே யாரையும் விரட்ட முடியாது, யாரிடமும் நன்றியும் எதிர்பார்க்க முடியாது. சொல்லப்போனால் கடன்பட்டவர் ஊற்றியவர்தான். மோசியார் பாட்டில் சொன்னதை இந்த ஊர்க்காரர்கள் வெல்லமும் அரிசியும் போட்டுக் காய்ச்சி வைத்திருக்கிறார்கள்.

பேருந்தில் வந்தவர் சொன்ன சங்கம், அமர் சேவா சங்கம். தென்காசி சாலையில் சுலோசனா கார்டன்ஸ் என்ற வளாகத்தில் இருக்கிறது. இதன் கதையைத் தமிழ்நாட்டில் பலரும் துண்டு துண்டாகக் கேட்டிருப்பார்கள்.

1975 ஜனவரி 10. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொள்ள பெங்களூர் போயிருந்தார். உடல்திறன் சோதனையின்போது விழுந்தார். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு அன்றோடு நின்றுபோனது. அவருக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. தேசத்துக்குச் சேவை செய்யப் போன பையனை, மற்றவர்கள் தூக்கிப் படுக்கவைக்க வேண்டிய நிலையில் ஊர் திரும்பப் பார்த்தது.

ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை அளித்தவர் மருத்துவரான ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல். மறுவாழ்வு மருத்துவத்தில் பெயர் பெற்றவர். இனி என்ன செய்ய முடியாது என்ற பட்டியலை விட்டுவிட்டு, இன்னும் என்ன செய்ய முடியும் என்ற பட்டியலை அந்த இளைஞருக்குக் கற்றுக்கொடுத்தவர். அவர் பெயரின் முதல் பாதிதான் சங்கத்தின் பெயர். 1981ஐ ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருந்தது. அதே ஆண்டில், கையையோ காலையோ அசைக்க முடியாத ஒருவர் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆய்க்குடியில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்.

1992இல் இரண்டாமவர் வந்து சேர்ந்தார். சென்னையில் பட்டயக் கணக்காளராக இருந்த எஸ். சங்கரராமன். தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு ஆய்க்குடிக்கு வந்தார். ஒருவர் தலைவர், மற்றவர் செயலாளர். இருவர் கையிலும் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கும் பலம் கிடையாது. ஆனால் ஏறக்குறைய முப்பது ஏக்கர் வளாகமும், பள்ளியும், மறுவாழ்வு மையமும், சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடக்கும் பணியும் இவர்கள் திட்டமிட்டு எழுப்பியவை. 2020இல் ராமகிருஷ்ணனுக்குச் சமூக சேவைக்கான பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இதுவரை சொன்னது செய்தித்தாள்களில் வருகிற கதை. கேட்டதும் கண் கலங்கும், சாயங்காலத்துக்குள் மறந்துவிடும். வளாகத்துக்குள் நடந்தால் வேறு விஷயங்கள் கண்ணில் படும். முதலில் தரை. எந்த வாசலிலும் படி நம்மைத் தடுப்பதில்லை. கட்டடத்துக்குக் கட்டடம் சரிவுப் பாதை. சக்கர நாற்காலியில் வருபவர் யாரையும் கூப்பிடாமல், யாருக்கும் நன்றி சொல்லாமல், தன் பாட்டுக்கு உருட்டிக்கொண்டு போகிறார். அந்த நன்றி சொல்லாமை எனக்கு அழகாகத் தெரிந்தது. நம் ஊர் அலுவலகங்களில் அவரை நான்கு பேர் நாற்காலியோடு தூக்குவார்கள். தூக்கியவர்களுக்குப் புண்ணியம் சேரும், தூக்கப்பட்டவருக்கு அவமானம் மிஞ்சும்.

சிவசரஸ்வதி வித்யாலயா என்ற பள்ளியில் ஊனமுற்ற பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். இதில் அதிக லாபம் யாருக்கு என்று யோசித்தால், நன்றாக நடக்கும் பிள்ளைக்குத்தான் என்று தோன்றுகிறது. பக்கத்து பெஞ்சுத் தோழி கேலிப்பர் போட்டிருப்பதை ஆறு வயதிலேயே சாதாரணமாகப் பார்த்துப் பழகிய பிள்ளை, பிற்காலத்தில் பொறியாளராகி ஒரு கட்டடத்துக்கு வரைபடம் போடும்போது வாசலில் சரிவு வைக்க மறக்காது.

தண்டுவடக் காயமடைந்தவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவு இந்த இடத்தின் இதயம். தென் மாவட்டங்களில் இந்தக் காயம் வரும் வழிகள் நமக்குத் தெரிந்தவைதான். பனை, தென்னை ஏறும்போது தவறுவது, கிணற்றில் விழுவது, கட்டட வேலையில் சாரம் சரிவது, இருசக்கர வாகன விபத்து. பெரும்பாலும் வீட்டுக்குச் சம்பாதித்துப் போடும் ஆண்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து, “இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்புவார்கள். உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் படுக்கைப்புண் வரும். சிறுநீர் சரியாக வெளியேறாவிட்டால் தொற்று சிறுநீரகம்வரை போகும். இப்படி வீட்டுக்குப் போனவர்களைக் கொல்வது பெரும்பாலும் முதுகெலும்புக் காயம் அல்ல, இந்தப் புண்ணும் தொற்றும்தான்.

ஆகவே இங்கே கற்பிக்கப்படும் பாடங்கள் மிக எளியவை. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். கைகளில் பலம் உள்ளவர் நாற்காலியின் பிடியை அழுத்தி அடிக்கடி உடம்பைச் சற்று உயர்த்தி இறக்க வேண்டும், அழுந்திய இடத்துக்கு ரத்தம் ஓடட்டும் என்று. உணர்ச்சியில்லாத இடத்தைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். நேரம் தவறாமல் குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒரு பலகையின்மேல் சறுக்கி மாற வேண்டும். இதை வந்தவரோடு மனைவியும் அண்ணன் தம்பியும் சேர்ந்தே கற்கிறார்கள். வீட்டுக்குப் போனபின் தினமும் செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தானே. மன உறுதி, தன்னம்பிக்கை என்று மேடையில் முழங்கும் பெரிய சொற்களை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இப்படிப்பட்ட சில்லறை வேலைகள்தான். ராமகிருஷ்ணனின் வாழ்க்கையும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும், தினமும் யாரோ ஒருவர் மணி பார்த்து அவரைத் திருப்பிப் படுக்கவைத்ததால்.

சங்கத்தின் இன்னொரு வேலை வளாகத்துக்கு வெளியே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், அவர்களில் 69 விழுக்காட்டினர் கிராமங்களில். கழுத்து நிற்காத குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வாரத்துக்கு மூன்று முறை பேருந்து மாறி சிகிச்சைக்கு வருவது நடக்கிற காரியமா? ஒரு நாள் கூலி போகும், மாமியார் முணுமுணுப்பார், இரண்டாம் மாதம் நின்றுவிடும். அதனால் சங்கம் ஆளைத் தேடிப் போகிறது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீட்டுக்கே அனுப்புகிறது. அவர்கள் குழந்தையின் வளர்ச்சியைக் கைபேசிச் செயலியில் பதிய, தொலைவில் இருக்கும் நிபுணர் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார். பிறந்தது முதல் ஆறு வயதுவரை மூளை வேகமாக வளர்கிற, தன்னைத் திருத்திக்கொள்ளக்கூடிய காலம். அந்த ஆறு வருடத்துக்குள் கிடைக்கும் பயிற்சியைப் பதினாறு வயதில் ஈடுகட்ட முடியாது. “எல்லாம் தன்னால சரியாயிரும், அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு” என்ற ஆறுதல் நம் வீடுகளில் எத்தனை குழந்தைகளின் காலத்தைத் தின்றிருக்கிறது!

மறுநாள் தென்காசி காசி விசுவநாதர் கோயில். கோபுர வாசலைத் தாண்டும்போது காற்று எதிரில் வந்து நெஞ்சில் தள்ளும், சில அடி போனதும் முதுகில் தள்ளி உள்ளே அனுப்பும். இந்த விளையாட்டுக்காகவே பிள்ளைகள் உள்ளேயும் வெளியேயும் ஓடுவார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். அவன் பொறித்துவைத்த ஒரு செய்தி நான் அறிந்தவரை அரச சாசனங்களிலேயே விசித்திரமானது. கோயிலைக் கெடுப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சபிப்பதுதான் கல்வெட்டு வழக்கம். இவன், பிற்காலத்தில் இக்கோயிலில் பழுது ஏற்பட்டால் அதைச் சரிசெய்யப் போகிறவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்கிறான். தான் கட்டியது இடியும் என்று ஒப்புக்கொண்ட அரசன். இன்னும் பிறக்காத யாரோ ஒருவருக்கு முன்கூட்டியே நன்றி சொன்ன அரசன்.

பழுது வந்தது. ராஜகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இருபதாம் நூற்றாண்டில் ஊர்மக்களும் கொடையாளர்களும் கூடி எழுப்பி, 1990இல் குடமுழுக்கு நடந்தது. இப்போது ஒன்பது நிலை, ஏறக்குறைய 180 அடி. கல் சுமந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், ஒரு பாண்டியனின் வணக்கம் ஐந்து நூற்றாண்டாகத் தங்களுக்காகக் காத்திருந்தது என்று! தொடங்கியவரின் பெயரைச் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. அமர் சேவா சங்கம் போன்ற இடங்களுக்கும் இதுதான் கேள்வி. இரண்டு அபூர்வ மனிதர்கள் எழுப்பியதை அடுத்துத் தாங்கப் போகும் சாதாரண மனிதர்கள் யார்? பாண்டியன் வணங்கியது அவர்களைத்தான்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியில் தலை நனைக்காமல் போனால் ஊர் சிரிக்கும். குற்றாலம் பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. அத்தனை உயரத்திலிருந்து சிற்றாறு நேராகத் தலையில் விழுந்தால் ஒருவரும் உயிரோடு திரும்ப முடியாது. நடுவில் பாறையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பொங்குமாகடல் என்று பெயர். மேலிருந்து வரும் வேகம் முழுவதையும் அது வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் அங்கே பொங்கி, நிதானப்பட்டு, பிறகுதான் அகலமாக விரிந்து கீழே வழிகிறது. பாட்டிகளும் கைக்குழந்தைகளும் நிற்க முடிகிற அருவி இதனால்தான் கிடைத்தது. வெள்ளக் காலத்தில் அந்தப் பள்ளத்துக்கும் அடங்காமல் போகும். அப்போது காவலர்கள் கயிறு கட்டித் தடுத்தால் சண்டை போடாமல் திரும்பிவிடுவதுதான் புத்தி.

உதவிக்கும் ஒரு பொங்குமாகடல் வேண்டும் என்று நனைந்த தலையோடு நினைத்துக்கொண்டேன். நம் இரக்கம் பெரும்பாலும் நேராகத் தலையில் விழுகிறது. பிறந்தநாளுக்கு இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். வேகம் நிறைய, வாங்குகிறவருக்குத்தான் வலி. அந்த வேகத்தை ஒரு நிறுவனமோ, சட்டமோ, ஒரு சரிவுப் பாதையோ இடையில் வாங்கிக்கொண்டால், மறுபக்கம் வருவது யாரும் தலைகுனியாமல் நிற்கக்கூடிய நீராக இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களைத்தான் கணக்கில் எடுத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. தசைச்சிதைவு அதில் தனியாக இடம்பெற்றிருக்கிறது. பொதுக் கட்டடங்களில் எல்லாரும் நுழைய வழி இருக்க வேண்டும் என்பது இன்று யாருடைய கருணையும் இல்லை, சட்டம்.

திரும்பும் வழியில் பண்பொழித் திருமலை முருகன் கோயிலுக்கும் போகலாம். அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகள். இப்போது வண்டி மேலே போகச் சாலை இருக்கிறது. முழங்கால் வலியால் பல வருடம் அடிவாரத்தில் நின்று கும்பிட்டுத் திரும்பிய முதியவர்கள் சந்நிதிவரை போகிறார்கள். மலையும் மாறவில்லை, முருகனும் மாறவில்லை, ஏறும் வழி மட்டும் மாறியிருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் பொதிகை விரைவு ரயிலில் இரவு ஏறினால் காலையில் தென்காசி. ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன், சனி ஞாயிறைத் தவிர்ப்பது நல்லது. ஆய்க்குடிக்கு நகரப் பேருந்துகள் உண்டு. சங்கத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போங்கள், உள்ளே இருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அது பலருடைய வீடு.

ஊருக்குத் திரும்பியதும் செய்ய ஒரு வேலையும் இருக்கிறது. சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். பல கட்டடங்களில் நான்கடி நீளத்தில் செங்குத்தாக ஒரு சிமெண்டுச் சறுக்கலைப் பூசிவிட்டு ‘வசதி செய்யப்பட்டுள்ளது’ என்று பலகை மாட்டியிருப்பார்கள். அதில் நாற்காலியை உருட்டினால் ஆள் பின்னால் கவிழ்வார். உங்கள் தெருவில் இருக்கும் நூலகம், ரேஷன் கடை, வாக்குச்சாவடிப் பள்ளி, இவற்றின் வாசலுக்கு ஓர் அளவு நாடாவோடு போய்ப் பாருங்கள். அளவு தப்பாக இருந்தால் பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ ஒரு மனு எழுதுங்கள். யாருக்காக எழுதினீர்கள் என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை, எழுதியது யார் என்று அந்த வாசலில் ஏறப்போகிறவருக்கும் தெரியாது. ஆய்க்குடியில் கொடுக்கும் முறை அதுதான்.